நகர மன்றத்தில் தோற்றவர்கள்

1987 ஏப்ரல் 3-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் நகரில் ஒரு விதி அமலுக்கு வந்தது. உணவகங்களுக்குள் புகைபிடிக்கக் கூடாது. ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். விதியை இயற்றியது ஐந்தே உறுப்பினர்கள் கொண்ட நகர மன்றம்.

பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இதை எதிர்த்தது. நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வியாபாரம் 30 சதவீதம் விழுந்துவிட்டது என்று அறிவித்தது. செய்தித்தாள்கள் அந்த எண்ணை அச்சிட்டன. சுமார் நான்கு மாதங்களில் நகர மன்றம் பின்வாங்கியது. உணவகங்களுக்குள் புகை திரும்பி வந்தது.

பின்னர் விற்பனை வரிக் கணக்குகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 30 சதவீத வீழ்ச்சிக்கு அதில் தடயம் இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1994-இல், நியூயார்க் நகர மன்றம் இதேபோன்ற விதியைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பேரி ஃபோகல், பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அந்த விதிக்கு முன்னால் அப்படி ஒரு சங்கமே இருந்ததில்லை என்று அவர் எழுதினார். தங்களைத் திரட்டியது புகையிலைத் தொழில். வழக்குச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தது புகையிலைத் தொழில். ராஞ்சோ மிராஜ் என்ற இன்னொரு சிற்றூரில் இதே விதி விவாதத்துக்கு வந்தபோது, சங்க உறுப்பினர்கள் சிலரைத் தனி ஜெட் விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சாட்சி சொல்ல வைத்ததும் அதே தொழில்தான்.

ஒரு சிற்றூரின் உணவக விதியைத் தடுக்க ஜெட் விமானம் அனுப்புவது சாதாரணச் செலவு அல்ல. இந்தச் செலவு எந்தக் கணக்கில் நியாயமாகிறது என்பது நிறுவனங்களின் சொந்தக் கோப்புகளிலேயே இருக்கிறது.

அவற்றில் முதலாவது 1978-ஐச் சேர்ந்தது. சிகரெட் நிறுவனங்களின் பொது அமைப்பான டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டுக்காக ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஓர் அறிக்கை தயாரித்தது. புகைபிடிப்பவர் தனக்கு என்ன செய்துகொள்கிறார் என்பது அவர் பாடு. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்கிறார் என்ற கேள்வி எழுந்தால் கதை மாறிவிடும். இந்தத் தொழிலின் பிழைப்புக்கு இதுவரை வந்த ஆபத்துகளிலேயே பெரியது அதுதான் என்பது அறிக்கையின் முடிவு. அப்போது அந்தக் கேள்விக்கு வலுவான மருத்துவச் சான்று இன்னும் வந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் வந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம். 1981 ஜனவரியில் இது வெளியானது. 1986-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அலுவலர் அறிக்கை இதை உறுதி செய்தது.

இரண்டாவது கோப்பு இன்னும் வெளிப்படையானது. 1992 ஜனவரியில் பிலிப் மாரிஸ் நிறுவனத்துக்குள் ஓர் உள்குறிப்பு சுற்றியது. பணியிடப் புகைத் தடைகள் விற்பனையை எப்படிப் பாதிக்கின்றன என்பது அதன் பொருள். பணியிடத்தில் முழுத் தடை இருந்தால் புகைபிடிப்பவர்கள் சராசரியைவிட 11 முதல் 15 சதவீதம் குறைவாகப் புகைக்கிறார்கள். பழக்கத்தை விட்டுவிடுவோரின் விகிதம் சராசரியைவிட 84 சதவீதம் அதிகம். தடையே இல்லாமல் தனி இடம் மட்டும் ஒதுக்கினால்? விட்டுவிடுவோர் விகிதத்தில் மிகக் குறைந்த தாக்கம். புகைக்கும் அளவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பொதுமேடையில் இதே நிறுவனங்கள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது வேறு. தடை தேவையில்லை, நல்ல காற்றோட்டமும் தனி இடமும் போதும், இரு தரப்பும் விட்டுக்கொடுத்து வாழலாம் என்றார்கள். அந்த யோசனையால் விற்பனை குறையாது என்பது அவர்கள் கையில் இருந்த எண்களே சொன்ன செய்தி. (இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கிறது. அதன் நான்காம் பிரிவு, 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளும் 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களும் விமான நிலையங்களும் புகைபிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது.) காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் அறிக்கை முடிவாகச் சொல்லிவிட்டது: பிறர் புகையில் ஆபத்தற்ற அளவு என்று ஒன்று இல்லை; எந்தக் காற்றோட்டக் கருவியும் அதை முழுமையாக அகற்றாது.

ஆகவே முழுத் தடைகளைத் தடுக்க வேண்டியிருந்தது. அவை பெரும்பாலும் நகரங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் வந்தன. அங்கே தொழிலின் பலம் குறைவு. நகர மன்ற உறுப்பினர் ஊர்க்காரர். அவருடைய தேர்தலுக்குப் பெரிய நன்கொடை தேவையில்லை. விதி வேண்டும் என்று கேட்பவர் பக்கத்துத் தெரு மருத்துவராக இருப்பார். வேண்டாம் என்பவர் தலைநகரிலிருந்து வந்த, ஊருக்குத் தெரியாத வழக்கறிஞராக இருப்பார். அதோடு, நூறு ஊர்களில் ஒரே மாதத்தில் நூறு கூட்டங்கள் நடக்கும். அத்தனைக்கும் ஆள் அனுப்ப எந்த நிறுவனத்தாலும் முடியாது.

இதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் மூத்த அதிகாரி பேசிய உரையில் இந்தக் கவலை இருக்கிறது: மாநில அளவில் நம் சாதனை மோசமில்லை, உள்ளூரில் அப்படிச் சொல்ல முடியாது, இப்படித் துண்டு துண்டாகவே மொத்தப் போரையும் இழந்துவிடலாம். விக்டர் கிராஃபர்டின் வாக்குமூலமும் உண்டு. அவர் மேரிலாந்து மாநில செனட்டராக இருந்தவர். பிறகு டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டின் லாபியிஸ்ட் ஆனார் (ஒரு தொழிலுக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பரிந்து பேச ஊதியம் பெறுபவர்). அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. 1995-இல் வெளிப்படையாகப் பேசினார். உள்ளூரில் எங்களால் வெல்லவே முடியவில்லை. அதனால் அந்தக் களத்தையே மாநிலத்துக்கு மாற்றுவதுதான் எங்கள் முதல் வேலை என்பது அவர் சொன்னதன் சாரம். 1996-இல் இறந்தார்.

களத்தை மாற்றும் கருவிக்கு அமெரிக்கச் சட்டத்தில் பிரீயெம்ப்ஷன் என்று பெயர். மேல்மட்டச் சட்டம், அதே பொருளில் கீழ்மட்ட மன்றங்கள் விதி செய்யும் அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. நடைமுறையில் இதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: இந்தச் சட்டத்தைவிடக் கடுமையான விதியை எந்த நகரமும் இயற்றக் கூடாது. அது தனியாக வருவதில்லை. புகைத் தடைச் சட்டம் ஒன்றின் உள்ளே உட்கார்ந்து வரும். மேலே சுத்தமான காற்று பற்றிய பிரிவுகள். கடைசியில் எங்கோ இந்த வரி. மசோதாவுக்கு வாக்களித்த உறுப்பினர், புகைக்கு எதிராக வாக்களித்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

1985-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் சட்டத்தில் அந்த வரி இருந்தது. சட்டத்தின் பெயர் சுத்தமான உள்ளரங்கக் காற்றுச் சட்டம்.

1993-இல் வட கரோலினா. புகையிலை அதிகம் விளையும் மாநிலம். அங்கே நிறைவேறிய சட்டம் மாநில அரசுக் கட்டடங்களில், இயன்ற இடங்களில், குறைந்தது 20 சதவீத இடத்தைப் புகைபிடிப்பவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. அக்டோபர் 15-க்குப் பின் உள்ளூர் மன்றங்கள் இதைவிடக் கடுமையான விதி எதையும் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. இடையில் கிடைத்த மூன்று மாதங்களில் பல சுகாதார வாரியங்கள் அவசர அவசரமாக விதிகளை இயற்றின. அப்படி இயற்றிய ஒன்றை 1996-இல் மாநில நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாநிலத்தின் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் புகை நின்றது 2010 ஜனவரி 2-ஆம் தேதி. இடையில் போனவை பதினாறு ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பரிமாறுநர்களின் பணிக்காலம்.

கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டமன்ற வழி நிறுவனங்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கணக்கான உள்ளூர் விதிகள் முளைத்துவிட்டன. 1994 ஜூலையில் மாநிலமே பணியிடப் புகைத் தடைச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் முன் 188-ஆம் எண் முன்மொழிவு வந்தது. அதை முன்வைத்த அமைப்பின் பெயர், மாநிலம் தழுவிய புகைக் கட்டுப்பாடுகளுக்கான கலிஃபோர்னியர்கள். பெரும் பணம் கொடுத்தது பிலிப் மாரிஸ். சாலையோரப் பலகைகள் கடுமையான மாநிலக் கட்டுப்பாடுகளுக்கு வாக்களிக்கச் சொல்லின. முன்மொழிவு நிறைவேறியிருந்தால் உள்ளூர் விதிகள் அத்தனையும் செல்லாமல் போயிருக்கும்; புதிய மாநிலச் சட்டமும் போயிருக்கும். காற்றோட்டம் இருந்தால் உணவகத்தின் ஒரு பகுதியைப் புகைக்கு விடலாம் என்ற பழைய யோசனை சட்டமாகியிருக்கும். கையெழுத்துச் சேகரித்தவர்கள் இதைப் புகைக்கு எதிரான மனு என்று சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள் என்ற புகார்கள் எழுந்து, மாநில அரசு விசாரித்தது.

ஆதரவுப் பிரசாரத்துக்கு 1.8 கோடி டாலருக்கு மேல் செலவானது. எதிர்த்தவர்களிடம் இருந்தது அதில் சிறு பகுதி. பணம் எங்கிருந்து வருகிறது என்று வாக்காளர்களுக்குத் தெரிந்த பிறகு, பத்துப் பேரில் ஏழு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். இந்த வரலாற்றில் நிறுவனங்கள் இவ்வளவு வெளிப்படையாகத் தோற்றது அபூர்வம். வாக்காளர்களைக் கேட்காமல் மாநிலச் சட்டமன்றம் வழியாகப் போன இடங்களில் அவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. உள்ளூர் விதிகளைத் தடுக்கும் இந்த வாக்கியம் 2004 இறுதியில் 19 மாநிலங்களில் இருந்தது.

அந்த வாக்கியத்தின் விலையை அளப்பது கடினம். வராமல் போன விதியால் யார் நோயுற்றார் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஆனால் ஓர் ஊரில் விதி வந்தது, நின்றது, இரண்டும் நாள் குறித்து நடந்தன.

அது மொன்டானா மாநிலத்தின் ஹெலினா. மலைப்பகுதி நகரம். சுற்றுவட்டாரத்து இதய நோயாளிகளுக்கு ஒரே மருத்துவமனை. 2002 ஜூன் 5-ஆம் தேதி பணியிடங்கள், உணவகங்கள், மதுக்கூடங்கள், சூதாட்டக் கூடங்கள் எல்லாவற்றிலும் புகைத் தடை தொடங்கியது. வழக்கு வந்தது. டிசம்பரில் நீதிமன்ற ஆணையால் விதி நிறுத்தப்பட்டது. இரண்டு உள்ளூர் மருத்துவர்கள் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்தார்கள். மற்ற ஆண்டுகளின் அதே ஆறு மாதங்களில் மாரடைப்போடு வந்தவர்கள் சராசரியாக 40 பேர். விதி இருந்த ஆறு மாதங்களில் 24 பேர். விதி நின்றதும் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறியது.

ஊர் சிறியது, எண்கள் சிறியவை என்ற ஆட்சேபம் உடனே எழுந்தது. நியாயமான ஆட்சேபம்தான். பிறகு பெரிய நகரங்களிலும் நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. பலவற்றில் குறைவு ஹெலினா அளவுக்கு இல்லை. 2009-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் கிடைத்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. குறைவு 6 முதல் 47 சதவீதம் வரை. திசை எல்லாவற்றிலும் ஒன்றே.

ஹெலினாவின் எண்கள் 2003 ஏப்ரலில் மருத்துவ மாநாடு ஒன்றில் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு மொன்டானா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. சூதாட்ட வசதி உள்ள இடங்களில் உள்ளூர் மன்றங்கள் மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான புகை விதியை வைக்க முடியாது. மொன்டானாவில் மதுக்கூடங்களில் பெரும்பாலும் சூதாட்ட இயந்திரம் இருக்கும். மாநிலம் முழுவதும் மதுக்கூடங்களில் புகை நின்றது 2009 அக்டோபரில்.

இவற்றில் பல நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் ஒரு வழக்குத் தீர்வு. 1998 நவம்பரில் 46 மாநிலங்களுடன் சிகரெட் நிறுவனங்கள் உடன்பாடு செய்துகொண்டன. 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. டொபாக்கோ இன்ஸ்டிடியூட் கலைக்கப்பட்டது. உள்கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2006 ஆகஸ்டில் இன்னொரு வழக்கில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் ஆயிரத்து அறுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு தீர்ப்பு எழுதினார். பிறர் புகையின் ஆபத்து உட்படப் பலவற்றில் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்பது தீர்ப்பு. உண்மையைச் சொல்லும் விளம்பரங்களை வெளியிட உத்தரவிட்டார். வாசகங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேல்முறையீடு நடந்தது. முதல் விளம்பரம் 2017 நவம்பரில் வந்தது.

2009 இறுதியில், உள்ளூர் விதிகளைத் தடுக்கும் வாக்கியம் உள்ள மாநிலங்கள் 12 ஆகக் குறைந்திருந்தன. இந்தக் குறைவு பணியிட, உணவகப் புகைக்கு மட்டும். கருவி அப்படியே இருக்கிறது. அது பயன்படும் பொருள் மாறுகிறது. இப்போது பொருள் சுவையூட்டிய புகையிலையும் மின் சிகரெட்டும். வாங்குபவர்களில் இளையவர்கள் பலர்.

2022 டிசம்பரில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகர மன்றம், மென்தால் உட்படச் சுவையூட்டிய புகையிலைப் பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. 2024 ஜனவரி 1 முதல் அமல். சில நாள்களுக்குள்ளேயே மாநிலச் சட்டமன்றம், புகையிலையில் நகரங்கள் தனி விதி செய்யக் கூடாது என்ற மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மைக் டிவைன் 2023 ஜனவரியில் அதை நிராகரித்தார். சட்டமன்றப் பெரும்பான்மையும் அவரும் ஒரே கட்சி. அந்த ஆண்டின் நிதிநிலை மசோதாவுக்குள் அதே வரி திரும்ப வந்தது. ஜூலையில் அதையும் நிராகரித்தார். 2024 ஜனவரி 24-ஆம் தேதி, கொலம்பஸ் தடை தொடங்கிய நான்காவது வாரத்தில், மாநில செனட் ஆளுநரின் நிராகரிப்பை மீறி வாக்களித்தது. கொலம்பஸும் வேறு பல நகரங்களும் நீதிமன்றத்துக்குப் போயின. கீழ்நீதிமன்றம் அதே ஆண்டு நகரங்களின் பக்கம் நின்றது. மாநிலம் மேல்முறையீடு செய்தது.