நாய்களில் முதுகெலும்பு வட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வீட்டுப் பராமரிப்பு

நாய்களில் முதுகெலும்பு வட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வீட்டுப் பராமரிப்பு என்பது, வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தியதால் நடை இழந்த நாய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னர் அதற்குச் செய்யப்படும் பணிவிடைகளைக் குறிக்கும். அறுவைச் சிகிச்சை அழுத்தத்தை நீக்குமே தவிர நசுங்கிய நரம்புத் திசுவைச் சீர்செய்வதில்லை. அத்திசு தானாகவே ஆற வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை நாயின் சிறுநீர்ப்பை, தோல், தசை ஆகியன கெடாமல் காப்பது வீட்டில் உள்ளோரின் பொறுப்பாகும். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் அறுவை மருத்துவர் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பதால் இப்பொறுப்பு மேலும் கூடுகிறது.

நோயின் தன்மை

நாயின் முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் உள்ளன. அடுத்தடுத்த எலும்புகளுக்கு இடையே அதிர்வு தாங்கும் வட்டு அமைந்துள்ளது. இதனைப் பேச்சு வழக்கில் டிஸ்க் என்பர். வட்டின் வெளிப்புறம் நார் வளையமாகவும், உட்புறம் நுங்கு போன்ற கூழாகவும் இருக்கும். குட்டைக்கால் இன நாய்களில் இக்கூழ் ஓரிரு வயதிலேயே நீர் வற்றிச் சுண்ணாம்பேறி விடுகிறது. பின்னர் ஒரு நாள் திண்ணையில் இருந்து குதிக்கும்போதோ, வெறுமனே திரும்பும்போதோ வளையம் கிழிந்து, உள்ளிருப்பது தண்டுவடத்தின் மீது பீறிடுகிறது. சுவீடன் நாட்டவரான ஆன்சன் 1952-இல் இதனை முதல் வகை எனவும், பிற நாய்களில் முதுமையில் வட்டு மெல்லப் புடைப்பதை இரண்டாம் வகை எனவும் பிரித்தார். குட்டைக்காலுடன் வட்டு நோயையும் கொண்டுவரும் மரபணுப் படி ஒன்று 12-ஆம் நிறப்புரியில் உள்ளதென 2017-இல் கண்டறியப்பட்டது.

டாக்சண்ட், பீகிள், காக்கர் சுபேனியல், பெக்கினீசு, பிரெஞ்சு புல்டாக் ஆகிய இனங்கள் இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகின்றன. நெடுங்கால் கொண்ட இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு இனங்கள் குட்டைக்கால் இனங்கள் அல்ல. எனினும் அவற்றுக்கும் விபத்தினாலோ முதுமையினாலோ வட்டு பாதிக்கப்படலாம்.

பெரும்பாலான வட்டுகள் மார்பும் இடுப்பும் சேரும் பகுதியிலேயே வெடிக்கின்றன. அறுவை மருத்துவர் அங்குள்ள முள்ளெலும்பின் ஒரு பக்க வளைவில் சாளரம் போல் திறந்து, பீறிட்ட பொருளை அகற்றுவார். விரலெலும்பைக் கிடுக்கியால் அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா அல்லது குரல் கொடுக்கிறதா என்பதே அதன் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்த ஆழ்ந்த வலியுணர்வு எஞ்சியிருந்தால், சிகிச்சைக்குப் பின் பத்தில் ஒன்பது நாய்கள் வரை மீண்டும் நடக்கின்றன. அது அற்றுப்போயிருந்தால் ஏறத்தாழப் பாதி நாய்களே நடக்கின்றன. காலை இழுத்துக்கொள்வது மட்டும் வலியுணர்வு ஆகாது. அது மூளையைச் சேராத அனிச்சைச் செயல்.

திடீரெனப் பின்கால் வாதம் கண்ட நாயெல்லாம் வட்டு நோயுற்றது எனக் கொள்ளலாகாது. வெறிநோயின் ஒரு வடிவம் வாதமாகவே தொடங்கும். தடுப்பூசி போடப்படாத நாயின் தாடை தொங்கி எச்சில் வடிந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி வாய்க்குள் கைவிடுவது உயிருக்கு ஆபத்தானது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலை

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியில் இருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து பிரிந்த அரியலூர் 2007-இல் இறுதியாகத் தனி மாவட்டமானது. இரண்டும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி விளையும் வேளாண் பகுதிகள். இங்குள்ள கால்நடை மருந்தகங்களின் அன்றாடப் பணி பெரும்பாலும் மாடும் ஆடும் சார்ந்தது. தண்டுவட அறுவைக்கு முன் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் வேண்டும் என்பதால், இத்தகைய நாய்களைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்கோ பெருநகரத் தனியார் மருத்துவமனைகளுக்கோ கொண்டு செல்ல நேர்கிறது. மாநிலத்தின் மிகப் பழைய கால்நடைக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டுச் சென்னை வேப்பேரியில் உள்ளது. நாமக்கல் கல்லூரி 1985-இலும், ஒரத்தநாடு கல்லூரி 2012-இலும் தொடங்கப்பட்டன. எங்கு என்ன வசதி உள்ளது என்பதைப் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டறிவது நல்லது.

பெரம்பலூரில் இருந்து சென்னை சுமார் 270 கி.மீ. தொலைவு. பெரம்பலூர் நகரில் தொடர்வண்டி நிலையமும் இல்லை. ஆகவே நாயைப் பலகையின் மீது கிடத்தித் துணியால் தளர்வாகக் கட்டி, மகிழுந்தில் கொண்டு செல்ல வேண்டும். இருசக்கர வண்டியில் மடியில் வைத்துச் செல்வது தண்டுவடத்துக்குக் கேடு. வீடு திரும்பிய பின் தையல் பிரிப்பதற்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் உள்ளூர் மருத்துவரே போதும்; அவரிடம் காட்ட அறுவைக் குறிப்பின் படியைக் கேட்டுப் பெறுதல் அவசியம்.

சிறுநீர்ப்பை

வீட்டுப் பராமரிப்பில் முதன்மையானது இதுவே. நாய் நடக்கிறதா என்பதையே எல்லாரும் நோக்கியிருக்க, கெடுவது பெரும்பாலும் சிறுநீர்ப்பையாக இருக்கும். மார்பு, இடுப்புச் சந்திப்பில் தண்டுவடம் பாதிக்கப்பட்டால் சிறுநீர் வாயில் இறுகிக்கொள்ளும். நாயால் தானாகக் கழிக்க இயலாது. பை நிரம்பி வழியும்போது படுக்கை நனையும். இதைக் கண்டு, நாய் தானே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டதாக மகிழ்வது மிகப் பரவலான தவறு. வழிந்த பின்னும் பை நிறைந்தே இருக்கும். பல நாட்கள் இவ்வாறு நீடித்தால் பையின் தசை அளவுக்கு மீறி விரிந்து சுருங்கும் திறனை இழக்கும். தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீரகம் வரை செல்லும்.

எனவே மருத்துவமனையை விட்டு வரும் முன்னரே, கையால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவரின் கண்ணெதிரே ஒருமுறையேனும் தாமே செய்து பார்க்காமல் புறப்படலாகாது. நாயை ஒருக்களித்துக் கிடத்தியோ, தாங்கி நிறுத்தியோ, பின்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் இருபுறமும் விரித்த கைகளை வைத்தால், நீர் நிரம்பிய பலூன் போன்ற உருண்டை தட்டுப்படும். அதை இரு உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாகவும் சீராகவும், வால் பக்கம் நோக்கி அழுத்த வேண்டும். விரல் நுனியால் குத்துவதும் திடீரென அமுக்குவதும் கூடாது. தாரை தொடங்கியதும் அது நிற்கும் வரை அழுத்தத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். வயிறு இறுகிச் சிறுநீர் வராவிட்டால் பலவந்தம் செய்யாமல் மருத்துவரை நாட வேண்டும். வாயிலைத் தளர்த்தும் மாத்திரைகளும், குழாய் செலுத்தும் முறையும் உள்ளன. சிறுநீர் கலங்கினாலோ, நாற்றம் மிகுந்தாலோ, குருதி கலந்தாலோ தொற்று உள்ளதெனக் கொள்ளலாம்.

மலம் பெரும்பாலும் அனிச்சையாகவே வெளியேறும். அதற்கு இத்தனை கவலை வேண்டியதில்லை.

அடைப்பும் படுக்கையும்

முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் நாயைச் சிறிய அடைப்பில் வைத்திருக்க வேண்டும். எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு இடம் இருந்தால் போதும். ஓடவோ தாவவோ இடம் இருக்கலாகாது. மரச்சட்டப் பெட்டியோ அறையின் மூலையில் பலகை வைத்துத் தடுத்த இடமோ பயன்படும். ஓரளவு நடை வந்தவுடன் இரக்கப்பட்டு அவிழ்த்து விடுவதால் மீண்டும் வாதம் கண்ட நாய்கள் உண்டு.

மொசைக், டைல்ஸ் தரையில் வலுவற்ற கால்கள் வழுக்கும். அதன் மீது தேங்காய் நார் மிதியடியையோ ரப்பர் விரிப்பையோ பரப்பலாம். தடித்த மெத்தையின் மேல் எளிதில் துவைக்கக்கூடிய பருத்தித் துணி விரித்து, நனைந்தவுடன் மாற்ற வேண்டும். பழைய சிமெண்ட் சாக்கை விரிப்பாக்கக் கூடாது. ஒட்டியுள்ள தூள் ஈரத்தில் தோலைப் புண்ணாக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்தாவிட்டால் இடுப்பெலும்பு முனைகளில் படுக்கைப்புண் தோன்றும். சிறுநீரில் ஊறிய தோலில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கக்கூடும் என்பதால், வெப்பமான இப்பகுதியில் கொசுவலை கட்டுவது மிகையன்று. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் கிடத்தக்கூடாது. நகர முடியாத நாயால் நிழலைத் தேடிச் செல்ல இயலாது.

தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்தொடைகளின் கீழும் இருக்க, முதுகு மட்டமாக இருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்கு மாற்றாக மார்புப் பட்டை அணிவிக்க வேண்டும்.

மருந்தும் உணவும்

மனிதருக்கான வலிமாத்திரைகளைத் தரக்கூடாது. இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். (பாறு கழுகுகள் அழிந்ததை அடுத்து, கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபினாக் 2006-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அது வேறு காரணம்.) ஸ்டீராய்டு பெறும் நாய்க்கு வேறு வலிமருந்தைச் சேர்த்தால் குடல் துளைபடலாம். மலம் தார் போல் கறுத்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அசையாத நாய்க்கு உணவு குறைவாகவே தேவை. உடல் பருத்தால் தூக்குவதும் கடினம், முதுகுக்கும் சுமை. சின்ன வெங்காயம் மலிந்த இம்மாவட்டங்களில் மீந்த சாம்பார் சோற்றை நாய்க்கு இடுவது வழக்கம். வெங்காயம் வேகவைத்த பின்னரும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறுவையில் குருதி இழந்த நாய்க்கு இது மேலும் கேடு.

உடற்பயிற்சி

மருத்துவர் அனுமதித்த பின், ஒவ்வொரு மூட்டையும் பத்து முறை மெதுவாக மடக்கி நீட்டுவது தசையையும் மூட்டையும் இறுகாமல் காக்கும். இதை நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். வயிற்றின் கீழ் நீளமான துண்டைக் கொடுத்துப் பின்பகுதியைத் தாங்கியபடி சில நிமிடங்கள் நடத்தலாம். தையல் பிரித்து (வழக்கமாக 10 முதல் 14 நாட்கள்) புண் முற்றிலும் ஆறிய பின், பம்புசெட்டுத் தொட்டியின் ஆழமற்ற நீரில் கையால் தாங்கி நிறுத்திப் பயிற்சி தரலாம். கிணறும், நீர் தேங்கிய சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளும் இதற்கு உதவா.

வலியுணர்வு உள்ள நாய்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தடுமாறி நடக்கத் தொடங்கும். பாதம் மடங்கியிருப்பதை உணர்ந்து நிமிர்த்தும் திறன் கடைசியாகவே திரும்பும். அதுவரை பாதத்தின் மேற்புறம் தேயாமல் காலுறை அணிவிக்கலாம்.

அபாய அறிகுறிகள்

வலியுணர்வு இழந்த நாய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம் மேல்நோக்கி மென்மையாகி அழியத் தொடங்குகிறது. இது பெரும்பாலும் முதல் சில நாட்களில் வெளிப்படும். வயிறு தளர்தல், உணர்வற்ற எல்லை முன்னோக்கி ஏறுதல், முன்கால் வலுவிழத்தல், மூச்சுத் திணறல் ஆகியன அறிகுறிகள். இதற்குச் சிகிச்சை இல்லை. மூச்சுத் தசைகள் செயலிழக்கும் வரை காத்திராமல் கருணைக்கொலை செய்ய மருத்துவர் கூறுவது இந்நிலையில்தான்.

நடை திரும்பாத நாய்கள்

மாதங்கள் கடந்தும் நடை வராத நாய்களுக்குப் பின்பகுதியைத் தாங்கும் சக்கர வண்டி பயன்படுகிறது. பிளம்பிங் குழாயும் சிறுவர் மிதிவண்டிச் சக்கரமும் கொண்டு உள்ளூரிலேயே இதனைச் செய்துகொள்ளலாம். எடை தாங்கும் பட்டை சிறுநீர்ப்பையை அழுத்தாதவாறு அமைய வேண்டும். வண்டியில் ஓடும் நாய்க்கும் சிறுநீரைக் கையால் வெளியேற்றும் பணி வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். நடை திரும்பிய குட்டைக்கால் நாய்களிலும் வேறொரு வட்டு பின்னர் வெடிக்கலாம் என்பதால், படிக்கட்டும் திண்ணையும் அவற்றுக்கு நிரந்தரமாக விலக்கப்படுகின்றன.