வலைநிரல் மொழி கற்போர்க்கு உசாத்துணை நூல்கள்



பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் நிகண்டு ஒன்றை வாங்குபவர் நட்டமடைவதில்லை. ஆண்டுகள் பல சென்றாலும் அதிலுள்ள சொற்பொருள் பயன்படும். இணையத்தளங்களை ஆக்குவதற்குரிய நிரல்மொழி ஒன்றைக் கற்க விரும்பும் மாணவர் அவ்வாறே பழைய நூல் ஒன்றை வாங்குவாராயின், பணத்தை இழப்பதோடு பிழையான பாடத்தையும் பெற்றுக்கொள்ள நேரும். அத்தகைய மொழிக்கு நூல் தெரிவு செய்வது எவ்வாறு என்பதை, பிஎச்பி என்னும் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

கிறீன்லாந்திற் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர், 1994ஆம் ஆண்டில் தமது சொந்த வலைப்பக்கத்தின் தேவைக்காகச் சில சிறு நிரல்களை எழுதினார். 1995இல் அவற்றை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அவையே நாளடைவில் வளர்ந்து பிஎச்பி மொழியாயின. அதன் நான்காம் வெளியீடு 2000ஆம் ஆண்டிலும், ஐந்தாவது 2004இலும், ஏழாவது 2015இலும், எட்டாவது 2020இலும் வந்தன.

ஆறாம் வெளியீடு எங்கே என்று நேயர்கள் வினவக்கூடும். அது வெளிவரவே இல்லை. தமிழ் உட்பட உலகின் எழுத்துக்கள் அனைத்தையும் மொழியின் உள்ளமைப்பிலேயே கையாள வேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கப்பட்ட அம்முயற்சி, பெருஞ் சிக்கல்களுக்குள்ளாகி 2010இற் கைவிடப்பட்டது. ஆயினும், அது வந்துவிடும் என்று நம்பி, ஆறு என்னும் எண்ணை முகப்பிலே தாங்கிய நூல்கள் அதற்கு முன்னரே அச்சேறிவிட்டன. மேலட்டையில் உள்ள எண்ணை மாத்திரம் நம்புதல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பழைய நூலினால் விளையும் இடர்களைக் காண்போம். அவை இருவகைப்படும்.

முதலாவது, நூலிலுள்ள நிரல் இயங்காமற் போவது. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்வதற்கென அமைந்திருந்த பழைய கட்டளைத் தொகுதியொன்று, கைவிடத்தக்கது என 2013இல் அறிவிக்கப்பட்டு, 2015இல் ஏழாம் வெளியீட்டோடு நீக்கப்பட்டது. அதற்கு முந்திய நூல்கள் பல அத்தொகுதியையே கற்பித்தன. அந்நூலைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதும் மாணவருக்கும் கிடைப்பது பிழைச் செய்தியே. குற்றம் நூலின் காலத்தில் இருக்க, தம் அறிவிலே குறை என்று எண்ணி அவர் கற்பதையே விட்டுவிடலாம்.

இரண்டாவது இடர் இதனினும் கொடியது. நிரல் இயங்கும், ஆனால் பாதுகாப்பற்றதாக இருக்கும். வலைப்பக்கம் ஒன்றிற் பெயர் எழுதுவதற்குரிய கட்டம் உள்ளது என வைத்துக்கொள்வோம். அங்கு எழுதப்படுவதை அப்படியே தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டி அனுப்புமாறு பழைய நூல்கள் சில கற்பித்தன. தீயோன் ஒருவன் பெயருக்குப் பதிலாகக் கட்டளைத் துண்டொன்றை அக்கட்டத்தில் எழுதிவிட்டால், தரவுத்தளம் அதனையும் கட்டளையெனவே கொள்ளும். பிறருடைய விவரங்கள் வெளிப்படலாம். பதிவுகள் அழிந்தும் போகலாம். கட்டளையை முதலில் அமைத்துவிட்டு, பயனர் தந்ததை வேறாக அனுப்புவதே முறையான வழி. அவ்வாறு செய்தால் எழுதப்பட்டது எதுவாயினும் அது வெறும் பெயராகவே கொள்ளப்படும். கடவுச்சொற்களைப் பாதுகாப்பாகச் சேமிப்பதற்கும் 2013 முதல் மொழியிலேயே தனிச் செயற்கூறு உண்டு. எம்டி5 என்னும் பழைய முறையை இதற்கெனப் பரிந்துரைக்கும் நூலை விலக்குக.

ஆகவே, கடையில் நூலைக் கையிலெடுத்தவர் முதலிற் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி ஆண்டைப் பார்த்தல் வேண்டும். எந்த வெளியீட்டுக்காக எழுதப்பட்டது என்பதை முன்னுரையில் அறிதல் வேண்டும். பின்னர் தரவுத்தளம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, பயனர் எழுதுவதை ஆசிரியர் எவ்வாறு கையாளுகிறார் என்று நோக்குதல் வேண்டும். அந்த ஓரிடத்திற் காணும் கவனமோ கவனமின்மையோ நூல் முழுவதன் தரத்தையும் பெரும்பாலும் காட்டிவிடும்.

பாடநூல் வேறு, உசாத்துணை நூல் வேறு என்பதையும் மறத்தலாகாது. முன்னது படிப்படியாகக் கற்பிப்பது. பின்னது வேண்டியபோது தேடிப் பார்ப்பதற்குரியது. பிஎச்பி மொழிக்குரிய அதிகாரபூர்வமான கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொழி மாறுந்தோறும் திருத்தப்பட்டும் வருகிறது. எனவே, கட்டளைகளை வரிசைப்படுத்தி மட்டும் தரும் தடித்த நூலுக்குப் பணம் செலவிடுதல் தேவையற்றது. அப்பணத்தை, சிந்திக்கும் முறையையும் பயிற்சிகளையும் தரும் பாடநூல் ஒன்றுக்கு ஒதுக்குதல் நன்று. கையேட்டுப் பக்கங்களின் அடியில் பயனர்கள் எழுதிய குறிப்புகள் காணப்படும். அவற்றுட் சில மிகப் பழையன. ஆதலின் எழுதப்பட்ட ஆண்டை நோக்கியே அவற்றைக் கொள்ள வேண்டும்.

பழைய நூல்கள் யாவும் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. தரவுகளை அட்டவணைகளாக வகுக்கும் முறையும், பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் முறையும் எளிதில் மாறுவன அல்ல. அவற்றைப் பழைய நூலிலும் கற்கலாம். கட்டளைகளை மாத்திரம் இன்றைய கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எழுதுதல் வேண்டும். அவ்வாறு ஒப்பிடும் பழக்கம் கைவந்த மாணவருக்கு, நூலகத்திலுள்ள பழைய நூலும் இடர் விளைக்காது துணைசெய்யும்.