தேர்தலில் நிற்காதவர் முதல்வர். 152 இடத்தில் நின்ற காங்கிரஸ் ஆட்சி அமைத்தது எப்படி? 1952 சென்னை மாநிலத் தேர்தல் - ஒரு விளக்கம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில் இருக்கிறது கிணத்துக்கடவு. பொன்மலை வேலாயுதசாமி கோயில் உள்ள ஊர். தேர்தல் ரிசல்ட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும்: கடைசி சுற்று வரை இழுபறி. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே வெற்றி வித்தியாசம் 1,332 ஓட்டு. 2021-ல் அது 1,095 ஆகக் குறைந்தது.

ஒரு தொகுதியில் இழுபறி என்றால் மறுபடி எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு மாநிலமே இழுபறியில் நின்றால் என்ன செய்வது? ஆட்சி அமைக்க யாரைக் கூப்பிடுவது?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலிலேயே, 1952-ல், சென்னை மாநிலத்தில் இந்த நிலைமை வந்துவிட்டது. அப்போது என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

சென்னை மாநிலம் எவ்வளவு பெரிசு?

அன்றைய சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாட்டைவிட ரொம்பப் பெரியது. ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் இதற்குள் இருந்தன. கோவை மாவட்டமும் அப்படித்தான். ஈரோடு, திருப்பூர் மட்டுமில்லை, இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகாலும் கோவை மாவட்டம்தான்.

சட்டமன்றத்தில் மொத்தம் 375 இடங்கள். ஆனால் தொகுதிகள் 309 தான். எப்படி? 66 தொகுதிகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் 'இரட்டை உறுப்பினர்' தொகுதிகள். ஒரு இடம் பொது, இன்னொன்று பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது.

ஓட்டு போட்டது எப்படி?

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நாடு முழுக்க முதல் பொதுத் தேர்தல் நடந்தது. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே ஓட்டு. வயது 21 ஆகியிருந்தால் போதும். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம். அதற்கு முன்பு, வெள்ளையர் ஆட்சியில் நடந்த தேர்தல்களில், வரி கட்டுபவர், சொத்து உள்ளவர், படித்தவர் என்று ஒரு பகுதியினருக்கு மட்டும்தான் ஓட்டுரிமை இருந்தது. அதனால் கிணத்துக்கடவு பக்கம் பண்ணையத்துக்குப் போன கூலிக்காரருக்கும், நிலம் வைத்திருந்தவருக்கும் சமமான ஓட்டு கிடைத்தது இந்தத் தேர்தலில்தான்.

இப்போதுபோல பட்டன் கிடையாது. சீட்டில் முத்திரை குத்துகிற வேலையும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டி மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் கையில் கொடுக்கிற சீட்டில் பெயரும் இருக்காது, சின்னமும் இருக்காது. திரைக்குப் பின்னால் போய், பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

காங்கிரஸுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு கதிர் அரிவாள். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு குடிசை. சோஷலிஸ்ட் கட்சிக்கு மரம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து ஓட்டு போட முடிந்தது. 1957-க்குப் பிறகுதான் இந்த முறை படிப்படியாக மாறி, சீட்டில் முத்திரை குத்துவது வந்தது.

இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. முதலில், ஒதுக்கீட்டுப் பிரிவு வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு அந்த இடம். பிறகு, மீதி எல்லோரிலும் யார் முன்னிலையோ அவருக்குப் பொது இடம். இதில் ஒரு திருப்பமும் உண்டு. 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடியின வேட்பாளர்களே ஜெயித்தார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961-ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதி முறையையே எடுத்துவிட்டார்கள்.

ரிசல்ட் என்ன?

பெரும்பான்மைக்குத் தேவை 188. கிடைத்தது இப்படி:

• காங்கிரஸ் - 152
• கம்யூனிஸ்ட் கட்சி - 62
• சுயேச்சைகள் - 62
• கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி - 35
• தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி - 19
• கிருஷிகார் லோக் கட்சி - 15
• சோஷலிஸ்ட் கட்சி - 13
• காமன்வீல் கட்சி - 6
• முஸ்லிம் லீக் - 5
• மீதி சிறு கட்சிகள்

தமிழ் மாவட்டங்களின் 190 இடங்களில் காங்கிரஸ் 96 பிடித்தது. சறுக்கியது மற்ற பகுதிகளில். மலபாரில் 29-க்கு வெறும் 4. ஆந்திரப் பகுதியில் 43 தான். முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். எம். பக்தவத்சலம் உள்பட பல அமைச்சர்களுக்கும் அதே கதி. மதுரையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்.

காரணம்? உணவுப் பஞ்சம், ரேஷன், விவசாயிகளிடம் கட்டாயக் கொள்முதல், கைத்தறி நெசவாளர்களின் நெருக்கடி. தெலுங்கு மாவட்டங்களில் தனி ஆந்திரா கோரிக்கை வேறு. திமுக இந்தத் தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட வேட்பாளர்களை ஆதரித்தது.

ஆளுநர் யாரைக் கூப்பிட்டார்?

காங்கிரஸ் அல்லாதவர்கள் கம்யூனிஸ்ட்களுடன் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்தார்கள். தலைவர் டி. பிரகாசம். எங்களுக்கு 166 பேர் ஆதரவு இருக்கிறது என்று உரிமை கோரினார்கள். காங்கிரஸைவிட 14 பேர் அதிகம். ஆனால் 188-க்கு அதுவும் குறைவு.

காங்கிரஸுக்கோ தலைமை தாங்க ஆள் இல்லை. அப்போது அவர்கள் போய் நின்றது ராஜாஜி வீட்டு வாசலில். முன்னாள் கவர்னர் ஜெனரல், முன்னாள் மத்திய உள்துறை அமைச்சர். வயது 73. அரசியலில் இருந்து ஒதுங்கியிருந்தவர். இந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை.

ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரைத்தான் ஆட்சி அமைக்க அழைத்தார். தனிப்பெரும் கட்சி காங்கிரஸ்தான் என்பது அதற்கான வாதம். 1952 ஏப்ரல் 10-ல் ராஜாஜி முதல்வராகப் பதவியேற்றார்.

எம்.எல்.ஏ ஆகாமல் முதல்வர் ஆக முடியுமா?

முடியும். அரசியலமைப்பின் 164(4) பிரிவு ஆறு மாதம் அவகாசம் தருகிறது. அதற்குள் இரண்டு அவைகளில் ஒன்றில் உறுப்பினராகிவிட வேண்டும். ராஜாஜி இடைத்தேர்தலுக்குப் போகவில்லை. கலை, இலக்கியம், சமூக சேவை போன்ற துறையினருக்கான நியமன இடத்தில் ஆளுநரே அவரை சட்டமேலவை உறுப்பினராக்கினார். இதை எதிர்த்து பி. ராமமூர்த்தி சென்னை உயர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடி ஆனது.

152 எப்படி 200 ஆச்சு?

கொஞ்சம் கொஞ்சமாக. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. முஸ்லிம் லீக் கைகொடுத்தது. சுயேச்சைகளும், எதிர் வரிசையிலிருந்து சிலரும் இந்தப் பக்கம் வந்தார்கள். இடையில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அரசுக்குப் பலம் சேர்த்தது.

ஜூலை 3-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. ஆட்சி தப்பியது. ஆனால் கவனிக்க வேண்டியது, பதவியேற்பு முடிந்து கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத்தான் பெரும்பான்மை நிரூபணமானது.

பொள்ளாச்சிக்காரரின் பங்கு

இந்த அமைச்சரவையில் நிதித்துறை பொள்ளாச்சி பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியத்துக்குக் கிடைத்தது. கிணத்துக்கடவுக்கு பக்கத்து ஊர்க்காரர். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்த கல்வித் திட்டத்தால் 1954-ல் ராஜாஜி பதவி விலக நேர்ந்தபோது, அவருடைய ஆதரவோடு தலைமைப் போட்டியில் நின்றவரும் சி.எஸ்.தான். காமராஜர் 93, சி.எஸ். 41. ஜெயித்த காமராஜர் தோற்றவரை ஒதுக்கவில்லை, தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். பின்னாளில் மத்திய அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்ததும் இதே சி.எஸ்.

இங்கே ஒரு வித்தியாசம். முதல்வரானபோது காமராஜரும் எம்.எல்.ஏ இல்லை, எம்.பி. ஆனால் அவர் மேலவை வழியாகப் போகவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயித்து வந்தார்.

இன்று அப்படி நடந்தால்?

• மேலவை வழி தமிழ்நாட்டில் கிடையாது. 1986-ல் மேலவை ஒழிக்கப்பட்டுவிட்டது. எம்.எல்.ஏ இல்லாத முதல்வர் ஆறு மாதத்துக்குள் தேர்தலில் ஜெயித்தாக வேண்டும்.

• ஒரு கட்சி சார்பில் ஜெயித்தவர் தனியாகப் பக்கம் மாறினால் பதவி போகும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. 1952-ல் அப்படி எதுவும் இல்லை.

• பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றம்தான், ஆளுநர் மாளிகை இல்லை. 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

மாறாதது ஒன்று உண்டு. தனிப்பெரும் கட்சியா, எண்ணிக்கை காட்டும் கூட்டணியா, யாரை முதலில் கூப்பிடுவது? தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்கு முதலிடம் தரலாம் என்று சர்க்காரியா கமிஷன் 1988-ல் வரிசை சொன்னது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. முதல் அழைப்பு யாருக்கு என்ற முடிவு இன்றும் ஆளுநர் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் எந்த மாநிலத்தில் இழுபறி வந்தாலும் முதல் கேமரா ஆளுநர் மாளிகை வாசலுக்குப் போகிறது.