போராட்டத்தில் முன்வரிசை; பேரவையில்?
கேரள எல்லையோரப் பெண்களின் எட்டாத அடுத்த படி

புது தில்லி: மக்களவையிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் மசோதா 1996-ல் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. அது நிறைவேற 27 ஆண்டுகள் ஆயின. இந்தக் காத்திருப்பின் விலையைத் தில்லியைவிடத் தெளிவாகக் காட்டுபவை, தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள்.

பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடையில் 2000-ல் கோகோ கோலா ஆலை தொடங்கப்பட்டது. கிணற்று நீர் குறைந்தது, எஞ்சியதும் குடிக்க உதவவில்லை என்று மக்கள் குமுறினர். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முன்னின்ற போராட்டம் 2002 ஏப்ரல் 22-ல் தொடங்கியது. 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2007-ல் மயிலம்மா காலமானார். பாதிப்பு ரூ. 216 கோடி என மாநில அரசின் உயர்நிலைக் குழு 2010-ல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் கேரளப் பேரவை நிறைவேற்றிய மசோதாவோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலேயே திரும்பியது.

பெம்பிளை ஒருமை

இடுக்கி மாவட்டம் மூணாறில் 2015 செப்டம்பரில் தோட்ட நிர்வாகம் 10 சதவீத போனஸ் அறிவித்ததும், ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் மேடையில் அனுமதிக்கவில்லை; ஆதரவு தெரிவிக்க வந்த தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரனையும் திருப்பி அனுப்பினர். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் கோமதி, லிஸ்ஸி, இந்திராணி ஆகியோர் பேச்சுவார்த்தைக்குச் சென்றனர். கருணைத் தொகையையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. ரூ. 232 ஆக இருந்த தினக்கூலி, பின்னர் ரூ. 301 ஆனது. கேட்டதோ ரூ. 500.

அதே ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்குத் தேர்வானார். உள்ளாட்சி இடங்களில் பாதியை மகளிருக்கு ஒதுக்கும் கேரளச் சட்டம் 2010 முதலே நடைமுறையில் இருந்தது. ஆனால் 2016 பேரவைத் தேர்தலில் மீண்டும் வென்றவர் ராஜேந்திரன்தான். தலைவியரிடையே பிளவும் ஏற்பட்டது. கோரிக்கைகள் மட்டும் ஓயவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 பேரைப் பலிகொண்டபோது, தோட்டத் தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் கேட்டு முதல்வரின் பயணப் பாதையில் மறியல் செய்த கோமதியைப் போலீசார் அப்புறப்படுத்தினர்.

1957-ன் முன்னுதாரணம்

தேவிகுளத்துக்குப் பெண் பிரதிநிதி புதிதல்ல. 1957-ல் கேரளத்தின் முதல் பேரவைக்கு இத் தொகுதி அனுப்பியவர் ரோசம்மா புன்னூஸ். 1958 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். அதன் பின் 2021 வரை நடந்த தேர்தல்களில் பெண் எவரும் அங்கு வெற்றி பெறவில்லை. 2021-ல் மாநிலத்தின் 140 தொகுதிகளில் வென்ற பெண்கள் 11 பேரே.

2023 செப்டம்பரில் மக்களவை 454-க்கு 2 என்ற வாக்குகளில் மகளிர் மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு என்ற நிபந்தனையும் அதில் இடம்பெற்றது. தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உண்டு. தேவிகுளம் தனித் தொகுதி. சுழற்சி முறையில் அந்த வாய்ப்பு மூணாறு மலையை எட்டும் நாளில், கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கே கட்சிகள் இடம் தருமா என்பதே அடுத்த கேள்வி.