உஷார்! உங்கள் துணைநூற்பட்டியலில் இல்லாத நூல்கள்

ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்கள் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கிற துணைநூற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவின் மேலும் விரலை வைத்து, "இதை நான் திறந்து பார்த்தேனா?" என்று உங்களையே கேளுங்கள். நூலகத்தில் எடுத்ததோ, ஜெராக்ஸ் போட்டதோ, பிடிஎஃப் இறக்கியதோ, எதுவானாலும் சரி. "இல்லை" என்று பதில் வருகிற ஒவ்வொரு பதிவும் உங்கள் பட்டத்துக்கு ஆபத்து. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

என்ன நடக்கிறது என்றால், சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் "இந்தத் தலைப்புக்குப் பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று கேட்கிறார்கள். அரை நிமிடத்தில் பத்தும் வந்து விழுகின்றன. வந்ததை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் சில உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள்.

ஒரு போலிப் பதிவு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பாருங்கள். ஆசிரியர் பெயர் அந்தத் துறையில் உண்மையாகவே எழுதுகிறவருடையது. ஜர்னல் உண்மையானது. தொகுதி எண், இதழ் எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏபிஏ முறைப்படி ஒரு காற்புள்ளி கூடப் பிசகியிருக்காது. தலைப்போ, நீங்கள் தேடிக்கொண்டிருந்ததையே யாரோ உங்களுக்காக எழுதி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஜர்னலின் அந்தத் தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனால், அங்கே வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை இருக்கும். டிஓஐ எண்ணைச் சொடுக்கினால், "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வரும். அல்லது நெல் சாகுபடி பற்றிய பதிவு உங்களை மீன் வளர்ப்புக் கட்டுரையில் கொண்டுபோய் நிறுத்தும். பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வராது. அதுதான் பயங்கரம்.

இந்தச் செயலி அடிப்படையில் சொற்களை அடுக்குகிற இயந்திரம். இந்த இடத்தில் எந்தப் பெயர் வந்தால் பொருந்தும், எந்த ஆண்டு வந்தால் பொருந்தும் என்று கணித்துப் போடுகிறது. 2023-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 42 தலைப்புகளில் செயலியையே கட்டுரை எழுதச் சொல்லி, அது காட்டிய 636 மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள். பழைய ஜிபிடி 3.5 காட்டியவற்றில் 55 சதவீதம் கற்பனை. ஜிபிடி 4 காட்டியவற்றில் 18 சதவீதம் கற்பனை. உண்மையில் இருக்கிற கட்டுரைகளைக் காட்டியபோதும் ஆண்டு, பக்கம், தொகுதி என்று பிழைகள் இருந்தன. இப்போதைய செயலிகள் இணையத்தில் தேடிவிட்டுப் பதில் சொல்கின்றன, முன்பைவிடத் தேவலை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இருக்கிற கட்டுரையைச் சரியாகக் காட்டிவிட்டு, அதில் இல்லாத கருத்தை அதன் தலையில் ஏற்றிச் சொல்கிற ஆபத்து இன்னும் தீரவில்லை. இதைக் கண்டுபிடிப்பது முன்னதைவிடக் கஷ்டம்.

மாட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் 2023-இல் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், செயலி கற்பனை செய்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் மேற்கோளாகக் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தபோது அப்படித் தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். ஆஸ்திரேலியாவில் 2025-இல் டெலாய்ட் நிறுவனம் அரசுத் துறை ஒன்றுக்குத் தயாரித்துக் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக இருந்தது அம்பலமானது. ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள வேலை அது. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி.

"எங்கள் பல்கலைக்கழகத்தில் பிளேஜியரிசம் செக் பண்ணித்தானே வாங்குகிறார்கள், எனக்கு நாலு சதவீதம்தான் வந்தது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அந்த மென்பொருள் பார்ப்பது ஒப்புமையை. உங்கள் வரி வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறது, அவ்வளவுதான். யூஜிசி 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை ஒப்புமைக் கணக்கில் சேராது. அது நியாயமான விதிதான். ஒரே நூலை நூறு பேர் பட்டியலில் போட்டால் அது திருட்டாகாது. ஆனால் விளைவைப் பாருங்கள். போலிப் பதிவுகள் இருக்கிற அந்தப் பக்கங்களை மென்பொருள் தொடாமலே தாண்டிவிடுகிறது. இல்லாத கட்டுரைக்கு ஒப்புமை ஏது? நாலு சதவீதச் சான்றிதழ் உங்கள் பட்டியல் உண்மை என்பதற்குச் சான்றிதழ் ஆகாது.

அந்த விதிமுறைகளின் மற்ற எண்களும் தெரிந்திருக்கட்டும். 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் பட்டத்தையே நிறுத்தி வைக்கலாம். ஆசிரியர்கள் வெளியிடும் கட்டுரைக்குத் தனிக் கணக்கு உண்டு. ஊதிய உயர்வு நிற்கும், ஆய்வு மாணவர்களை எடுத்துக்கொள்ள முடியாது.

"யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். உங்கள் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியதும் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். எத்தனை ஆண்டு கழித்தும் மாட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்த அனெட் ஷவான் 1980-இல் முனைவர் பட்டம் வாங்கினார். மேற்கோள் காட்டாமல் பிறர் எழுத்தை எடுத்தாண்டதாகச் சொல்லி ட்யூசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் அதை 2013-இல் பறித்தது. 33 ஆண்டுகள் கழித்து. பதவியும் போயிற்று.

தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்தச் செயலிகள் சங்கப் பாடலையே இட்டுக்கட்டித் தரும். பழந்தமிழ் மாதிரி நாலு வரி எழுதி, அடியில் 'புறநானூறு' என்று ஓர் எண்ணும் போட்டுவிடும். ஓசையும் ஓரளவு ஒத்துப்போகும். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவே இல்லை. நற்றிணையில் 234 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இந்த எண்களோடு ஒரு வரி வந்தால் பொய் என்று அந்த நொடியே பிடித்துவிடலாம். ஆனால் 150 என்றோ 212 என்றோ எண் வந்தால்? பதிப்பைத் திறந்து, பாடலை அடி அடியாகப் பார்த்தால்தான் தெரியும். வாய்மொழித் தேர்வுக்கு வருகிற புறத்தேர்வாளர் சங்க இலக்கியத்தில் ஊறியவராக இருப்பார். அவர் முன்னால் இல்லாத பாடலை வாசித்துக் காட்டும் நிலைமை எந்த மாணவருக்கும் வரக் கூடாது.

பதிப்பு ஆண்டு விஷயமும் அப்படித்தான். "சாமிநாதையர், உ.வே. (2014), புறநானூறு" என்று ஒரு பதிவு இருந்தால், 1942-இல் மறைந்தவர் 2014-இல் நூல் கொண்டுவந்ததாக ஆகிறது. அவர் புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894-இல். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887. கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அந்த ஆண்டையும் முதற்பதிப்பு ஆண்டையும் சேர்த்தே போடுங்கள். பதிப்பாசிரியர் யார், உரையாசிரியர் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். பாடபேதம் இருக்கிற இடத்தில் எந்தப் பதிப்பின் பாடம் என்று சொல்லாவிட்டால் உங்கள் வாதமே ஆட்டம் காணும். பக்க எண்ணோடு நிறுத்தாமல் பாடல் எண், அடி எண் கொடுங்கள். வேறு பதிப்பு வைத்திருப்பவரும் அப்போதுதான் தேடி எடுக்க முடியும்.

செயலி வருவதற்கு முன்பே இந்த நோய் இருந்தது. பதிப்பகங்கள் கட்டுரையாளர்களுக்குக் கொடுக்கும் மாதிரித் தாளில், பதிவை எப்படி அமைப்பது என்று காட்டுவதற்காக ஒரு கற்பனைக் கட்டுரை இருக்கும். எல்செவியர் நிறுவனத்தின் மாதிரித் தாளில் வான் டெர் கீர் உள்ளிட்ட மூவர் 2000-இல் எழுதியதாக, 'தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயின்டிஃபிக் ஆர்ட்டிகிள்' என்று ஒன்று இருந்தது. அப்படி ஒரு கட்டுரை இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் சந்தேகப்பட்டுத் தேடியதில் 2017-இல் விஷயம் வெளியே வந்தது. மாதிரித் தாளில் இருந்த பதிவை அழிக்காமல் விட்டவர்களே பெரும்பாலும். எழுதியவர் பார்க்கவில்லை, மதிப்பிட்டவர் பார்க்கவில்லை, பதிப்பித்தவரும் பார்க்கவில்லை.

இல்லாத கட்டுரையால் இவ்வளவு என்றால், இருக்கிற கட்டுரையைப் படிக்காமல் காட்டியதால் நடந்தது அதைவிடக் கொடுமை. 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கடிதம் வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கி, அபின் வகை வலி மருந்து வாங்கிய 11,882 நோயாளிகளில் நான்கு பேர்தான் அதற்கு அடிமையானார்கள் என்றது. மருத்துவமனையில், கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் இந்த மருந்துகளால் யாரும் லேசில் அடிமையாக மாட்டார்கள் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். 2017-இல் கனடிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் அது மேற்கோளாகியிருந்தது. பத்தில் எட்டுப் பேர், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. அமெரிக்காவில் வலி மருந்துக்கு அடிமையாகி லட்சக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள். அந்த அழிவுக்கு வழிவிட்ட காரணங்களில் இந்தப் படிக்காத மேற்கோளும் ஒன்று. ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஆகவே ஒருவர் நூலில் பார்த்த மேற்கோளை மூல நூலையே பார்த்தது போல எடுத்துப் போடாதீர்கள். மூலம் கிடைக்கவே இல்லையா? இன்னார் நூலில் மேற்கோளாகக் கண்டது என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அதற்கு ஏபிஏ, எம்எல்ஏ போன்ற முறைகளில் இடம் இருக்கிறது.

விலக்கிக்கொள்ளப்பட்ட கட்டுரைகளையும் கவனியுங்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் 2010-இலேயே விலக்கிவிட்டது. இணையத்தில் இறக்கி வைத்த பழைய பிடிஎஃப் அதைச் சொல்லாது. விலக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தைக் கிராஸ்ரெஃப் 2023-இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. ஜொட்டெரோ மென்பொருளில் பதிவுகளைச் சேமித்தால், விலக்கப்பட்ட கட்டுரைக்கு அதுவே எச்சரிக்கை காட்டும். இரண்டும் இலவசம்.

சரிபார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிஓஐ இருந்தால் அதைத் திறந்து, வருகிற தலைப்பும் ஆசிரியரும் உங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பிறகு ஜர்னலின் சொந்த இணையதளத்தில் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அச்சு அசலாக அதே பெயரில் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் ஒப்பிடுங்கள். தமிழ் நூலானால் நூலகப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில், எந்தக் கருத்துக்காகக் காட்டினீர்களோ அது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று படியுங்கள்.

வடிவ விஷயத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஏபிஏ என்றால் ஏபிஏ, எம்எல்ஏ என்றால் எம்எல்ஏ, பல்கலைக்கழகம் சொன்னதைக் கடைசி வரை பின்பற்றுங்கள். தானியங்கி மென்பொருள் நம் பெயர்களைத் தப்பாகப் பிரிக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, எழுதியவரை முதலெழுத்தாகச் சுருக்கி, அவர் அப்பாவை ஆசிரியராக்கிவிடும். ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் கண்ணால் பாருங்கள்.

"ரெஃபரன்ஸ் லிஸ்ட் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்களிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். டிடிபி சென்டரில் தட்டச்சு செய்து கொடுக்கட்டும், பட்டியலை நீங்களே செய்யுங்கள். அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான்.

நெறியாளர்களே, பட்டியலில் ஏதாவது ஐந்து பதிவுகளைத் தொட்டு, "இதன் பிரதியைக் கொண்டு வா, தம்பி" என்று கேளுங்கள். மாணவர்களே, கண்ணால் பார்க்காத பதிவை இன்றே நீக்குங்கள். பட்டியல் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. இத்தனை நூல் காட்டியே ஆக வேண்டும் என்று 2018 விதிமுறைகளில் ஒரு வரி கூட இல்லை.