படை ஊர்தியின் மேற்கூடும் அதன் பிறப்பிடமும்

பழைய படை ஊர்தி ஒன்று எந்நாட்டிலே ஆக்கப்பட்டது என வினவுவார்க்கு, அதன் முகப்பிற் பொறித்த பெயரைப் படித்து விடையிறுத்தல் எளிது. ஆயின் அது பெரும்பாலும் பாதி விடையேயாம். நம் வாகனத் திருத்தகத்தார் ‘செசி’ எனக் கூறும் அடிச்சட்டம் ஒரு நாட்டிலும், ‘பொடி’ எனக் கூறும் மேற்கூடு பிறிதொரு நாட்டிலும் பிறந்திருத்தல் கூடும். யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுமையன்று. நம் வீதிகளில் ஓடிய தட்டிவான்களுக்கு அடிச்சட்டமும் எஞ்சினும் கடல் கடந்து வந்தவை. மரக்கூடும், பின்புறத்தே சங்கிலியில் தொங்கிய தட்டியும் உள்ளூர்த் தச்சரின் கைவேலை.

படைத்துறையில் இதற்குச் சிறந்த சான்று, இரண்டாவது உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் ஆக்கப்பட்ட சக்கரக் கவச ஊர்தியாகும். ‘இந்திய அமைப்பு’ என ஏடுகளிற் குறிக்கப்படும் அது நாலாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பட்டு, இந்தியப் படைகளோடு வட ஆபிரிக்கா, இத்தாலி, பர்மா முதலிய களங்களுக்குச் சென்றது. அடிச்சட்டம் கனடாவின் போர்ட் நிறுவனத்தது. பிரித்தானியா நீங்கலான பேரரசு நாடுகளில் போர்ட் வண்டிகளை விற்கும் உரிமை, 1904 இல் தோன்றிய அக்கனடிய நிறுவனத்திடமே இருந்தது. ஆனால் அச்சட்டத்தின்மேல் ஏறிய கவசம் டாட்டா உருக்கு. கூடு அமைத்த இடத்தின் பெயராலேயே போர்வீரர் அவ்வூர்தியை ‘டாட்டாநகர்’ என அழைத்தனர். அந்நகரின் இருப்புப்பாதைப் பட்டறை 1945 இல் டெல்கோ நிறுவனத்தின் கைக்கு வந்தது; 1954 முதல் அந்நிறுவனம் ஆக்கிய லொறிகளின் வழிவந்தவற்றையே இன்று நம் தெருக்களிலும் காண்கிறோம்.

தென்னாபிரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. கனடிய போர்ட் அடிச்சட்டம். நாற்சக்கரமும் இயக்கும் உறுப்புக்கள் அமெரிக்காவின் மார்மன் ஹெரிங்டன் நிறுவனத்தவை. கவசக் கூடு மட்டும் உள்நாட்டது. ஆதலின் முகப்புப் பெயரையே நம்பி இவ்விரு ஊர்திகளையும் ‘கனடிய ஊர்தி’ எனப் பதிவுசெய்வார், இரு நாட்டுத் தொழிலாளரின் உழைப்பை ஏட்டினின்றும் அழித்துவிடுகின்றனர். இதனைச் சிறு பிழையென யான் கருதேன்.

அங்ஙனமாயின், பெயர்த்தகடு கழன்றுபோன வெறுங்கூட்டின் பிறப்பிடத்தை எங்ஙனம் அறிவது? மிகச் சிறிய உறுப்பாகிய மரையாணியே இங்குப் பெருஞ்சான்று பகரும். பிரித்தானிய வழக்கினர் விற்வேத் என்பார் 1841 இல் வகுத்த புரியைக் கையாண்டனர். அதன் கோணம் 55 பாகை. அமெரிக்க வழக்கு 1864 இல் செலர்ஸ் வகுத்த 60 பாகைப் புரியைத் தழுவியது. கனடிய மோட்டார்த் தொழிலும் அதனையே பின்பற்றிற்று. கோணத்தை வெறுங்கண்ணால் அளத்தல் அரிது. ஆனால் புரிகளை எண்ணலாம். கால் அங்குலம், முக்கால் அங்குலம் போன்ற பருமன்களில் இரு வழக்கினதும் பெரும்புரி எண்ணிக்கை ஒன்றே. அவை நமக்குப் பயன்படா. அரை அங்குல ஆணியே தெளிவு தரும். அங்குலத்துக்கு 12 புரியாயின் விற்வேத், 13 ஆயின் அமெரிக்க வழக்கு. நுண்புரியாயின் முறையே 16, 20. பிரித்தானிய மரபிற் பயின்ற இந்தியப் பட்டறையின் கூட்டையும் கனடியச் சட்டத்தையும் இவ்வேறுபாடு பிரித்துக் காட்டும். போர்க்காலத்தில் இவ்விருவகை ஆணிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் விளைந்த தொல்லையே, 1948 நவம்பரில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் ஒரே புரியை ஏற்கக் காரணமாயிற்று. அதற்குப் பிற்பட்ட ஊர்திகளில் இச்சோதனையின் வலிமை குறையும்.

தகடும் சான்றாகும். பேரச்சிலிட்டு அழுத்திய வளைந்த தகடு பெருந்தொழிற்சாலையைக் காட்டும்; தட்டைத் தகடுகளை வெட்டித் தறையாணியாலோ பற்றவைத்தோ இணைத்த கூடு பட்டறை வேலையைக் காட்டும். தளப் பலகை தேக்காயின் நம் பக்கத்து நாடுகளை நினைக்கலாம். ஆயினும் பலகை எளிதில் மாற்றப்படுவதாகலின் அதனை முதற்சான்றாகக் கொள்ளலாகாது. மரையாணியும் மாற்றப்படுவதே. ஆகவே கைக்கு எட்டும் ஆணிகளை விடுத்து, பழைய வண்ணப்பூச்சு மூடிய மறைவிடங்களிலுள்ள பலவற்றைக் கழற்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும்.