ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

புரோ கபடி ஏலம் நடைபெறும் தினங்களில் எங்கள் குடிபாலாவில் ஒரு விசேஷமான நிலைமை உண்டாகிறது. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் இருந்துகொண்டு, வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாகப் பேசி வாழும் எங்களுக்குத் தமிழ் தலைவாஸ் அணியும் தெலுங்கு டைட்டன்ஸ் அணியும் ஒருங்கே சொந்தமாகையால், எந்த அணி எவரை எடுத்தாலும் மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ இங்கே ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. ஏலம் முடிந்த இரவே டீக்கடைப் பெஞ்சில் தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. இந்த அணி பணத்தை வீணாக்கிற்று, அந்த அணி கோப்பையைப் பாதி வாங்கிவிட்டது என்று, ஓர் ஆட்டமும் ஆடப்படுவதற்கு முன்னரே, ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லப்படுகிறது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு வாங்கியபோது, அதுவரை அந்தப் போட்டியில் எவருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. முந்திய பருவத்தில் ரெய்டுகளில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தவர் அவர். ஆகவே விலை நியாயம் என்பதே பொதுஜன அபிப்பிராயமாக இருந்தது. அக்டோபரில், அணியின் முதல் ஆட்டத்திலேயே, அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் மீண்டும் களத்தில் இறங்கவில்லை. அதனால் அணி வீழ்ந்துபோகும் என்று எண்ணியவர்களின் யூகமும் பொய்த்தது. பெயர் பெறாத இளைஞராக வந்த நரேந்தர் என்னும் ரெய்டர் 243 ரெய்டு புள்ளிகளைக் குவிக்க, தலைவாஸ் தன் சரித்திரத்தில் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. மறு ஆண்டு அதே பவன் ஷெராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60.5 லட்சத்திற்கு எடுத்துப் பழைய விலையையும் முறியடித்தது. உடல் தேறி அவர் ஆடிய அந்தப் பருவத்தில் டைட்டன்ஸ் பட்டியலின் கடைசி ஸ்தானத்தில் நின்றது. எல்லையின் இருபுறத்து அணிகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே மனிதரைக் கொண்டு எங்கள் ஊருக்குக் கற்பித்த இந்தப் பாடத்தை, அதிருஷ்டம் என்ற ஒரே சொல்லால் மூடிவைத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதும், அந்தத் தேர்வைப் பற்றி முன்கூட்டியே யூகிப்பதும், பின்னர் அதை மதிப்பிடுவதும் புள்ளியியலார் அநேக வருஷங்களாக ஆராய்ந்துவரும் விஷயங்கள். அந்த ஆராய்ச்சியின் சாரத்தைத் தெரிந்துகொண்டால் நம் தீர்ப்புகள் இன்னும் நிதானமாகவும் நேர்மையாகவும் அமையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்கக் கால்பந்தில் ஏலம் கிடையாது. அவர்கள் கையாளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். பணம் படைத்த சில அணிகளே கல்லூரிகளிலிருந்து வரும் சிறந்த இளைஞர்களையெல்லாம் வாரிக்கொண்டு போவதைக் கண்டு மனம் பொறாத பெர்ட் பெல் என்பவர் – பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் – 1935இல் ஒரு யோசனையை முன்வைத்தார். அதன்படி, சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலாவதாகத் தேர்ந்தெடுக்கும். வெற்றிவாகை சூடிய அணி கடைசியாகத் தேர்ந்தெடுக்கும். நம் பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறார்களே, அதில் ராங்க் வரிசையைத் தலைகீழாக்கினால் எப்படியோ அப்படி. 1936இல் நடந்த முதல் தேர்வில் முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர் என்பது. அந்த இளைஞர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலும் ஆடவே இல்லை. 2000ஆம் ஆண்டில், 198 பேர் அழைக்கப்பட்ட பிற்பாடு 199ஆவதாக அழைக்கப்பட்ட டாம் பிராடி அந்த விளையாட்டின் தலையாய கோப்பையை ஏழு முறை வென்றார். இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட அறுபத்து நான்கு ஆண்டுகளில் ஓட்ட வேகத்தை அளக்கும் கருவிகள் வந்தன, அறிவுச் சோதனைகள் வந்தன, ஊர் ஊராகச் சென்று ஆட்டம் பார்க்கும் ஒற்றர் படையே வந்தது. ஆயினும் பிழை மறையவில்லை.

நம் தேசத்திலும் இத்தகைய டிராஃப்ட் ஒன்று நடந்திருக்கிறது. 2008 மார்ச் 2ஆம் தேதி கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியச் சிறுவர்கள் வென்றார்கள். தொடங்கவிருந்த ஐ.பி.எல். போட்டிக்காக, மூத்த ஆட்டக்காரர்களைப்போல் ஏலத்தில் விடாமல், இந்த இளைஞர்களை மட்டும் அதே மாதத்தில் வரிசைமுறைப்படி அணிகள் தேர்ந்தெடுத்துக்கொண்டன. முதல் வாய்ப்பு டெல்லிக்குக் கிடைத்தது. அணித் தலைவராகக் கோப்பையைக் கையில் ஏந்தி வந்திருந்த விராட் கோலி டெல்லிப் பையன்; அவரை எடுத்திருக்கலாம். டெல்லியோ இடக்கை வேகப்பந்து வீச்சாளரான பிரதீப் சங்வானை எடுத்தது. பின்னர் பெங்களூரு கோலியை எடுத்துக்கொண்டது.

இன்றைக்கு இதைக் கேட்கும் எவரும் இது எத்தகைய பிழை என்று வியப்பார்கள். ஆனால் அன்று டெல்லி நிர்வாகத்தின் மேஜைமேல் இருந்த விவரங்களை நாமும் நம் முன் பரப்பிக்கொண்டு பார்ப்பதுதான் முறை. ஷேவாக், கம்பீர், தவான், டிவில்லியர்ஸ், தில்ஷன் என்று அவர்களிடம் மட்டையாளர்கள் நிறைந்திருந்தார்கள். சங்வானோ அந்தப் பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற டெல்லி அணியில் வீசியவர். உலகக் கோப்பையில் கோலி 6 ஆட்டங்களில் எடுத்தது 235 ஓட்டங்கள். அதே அணியைச் சேர்ந்த தன்மய் ஸ்ரீவாஸ்தவா எடுத்தது 262. வெறும் ஓட்டக் கணக்கைப் பார்த்து எடுப்பதானால் முதலில் எடுக்க வேண்டியவர் தன்மயே ஆவார். அடுத்து நடந்ததையும் கவனிக்க வேண்டும். முதல் ஐ.பி.எல். பருவத்தில் கோலி 13 ஆட்டங்களில் எடுத்தது மொத்தம் 165 ஓட்டங்கள்தாம். அந்த ஆண்டு முடிவில் ஒருவர் இந்தத் தேர்வை மதிப்பிட்டிருப்பாராகில், டெல்லி செய்தது விவேகமான காரியம் என்றே எழுதியிருப்பார். 2016இல் கோலி ஒரே பருவத்தில் 973 ஓட்டங்கள் குவித்தபோது மதிப்பிட்டிருந்தால், டெல்லியைப் போல் ஏமாந்தவர் இல்லை என்று எழுதியிருப்பார். அந்த 973 ஓட்டங்களையும் வைத்துக்கொண்டு பெங்களூரு கோப்பையை வெல்வதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. எந்தத் தினத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறோம் என்பதே தீர்ப்பைப் பாதி நிர்ணயித்துவிடுகிறது; பார்க்கும் தினத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளாத மதிப்பீடு நேர்மையான மதிப்பீடாகாது.

இங்கே புள்ளியியல் சொல்லும் முதல் செய்தி, ஆறு ஆட்டங்கள் என்பது மிகச் சொற்பமான சான்று என்பதாகும். ஒருவர் எடுக்கும் ஓட்டத்தில் அவருடைய நிலையான திறமையும் அன்றைய சந்தர்ப்பங்களும் – ஆடுகளம், டாஸ், நழுவிய காட்ச் – கலந்தே இருக்கின்றன. ஆட்டங்கள் பெருகப் பெருகச் சந்தர்ப்பம் கழிந்து திறமை எஞ்சும். குறைவாக இருக்கும்போது எது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. ஆகையினாலேயே ஒரு பருவத்தில் உச்சியில் நின்றவர் அடுத்த பருவத்தில் சராசரியை நோக்கி இறங்குவதும், அடியில் கிடந்தவர் ஏறுவதும் இயல்பாகின்றன. பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து கண்ட தத்துவம் இதுதான். கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்னும் இரு அறிஞர்கள் – இவர்களுள் தேலர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் – அமெரிக்க டிராஃப்டின் பல ஆண்டுக் கணக்குகளை எடுத்து, களத்தில் ஒரே பொறுப்பு வகிக்கும் ஆட்டக்காரர்களில் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரை ஒப்பிட்டார்கள். முன்னதாக அழைக்கப்பட்டவர் பின்னவரைவிட மேலாக விளங்கிய சமயங்கள் ஏறக்குறைய 52 சதவீதம். காசு சுண்டினால் 50 கிடைக்கும். கோடிக்கணக்கில் செலவிட்டு ஒற்றர்களை வைத்துக்கொண்டிருக்கும் ஸ்தாபனங்கள் பெற்ற லாபம் அந்த இரண்டே சதவீதம்! அப்படியிருந்தும், முதலிடத்து வாய்ப்பை அடைவதற்காகப் பின்னிடத்து வாய்ப்புகள் பலவற்றை அந்த அணிகள் விட்டுக்கொடுத்து வந்தன. பலரை எடுத்துப் பார்ப்பதே லாபம் என்று அவ்விருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

நெருங்கி இருந்து பலமுறை பார்ப்பவர்களின் கண்ணுக்கு மதிப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது டிராஃப்ட் முறையையே கைக்கொண்டிருந்தது; 2023 பிப்ரவரியில்தான் ஏலத்திற்கு மாறியது. அந்த ஏலத்தில் கோவை அணி சாய் சுதர்சனை 21 லட்சத்து 60 ஆயிரத்திற்கு எடுத்தது. அதே இளைஞருக்கு ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அப்போது கொடுத்துவந்த சம்பளம் 20 லட்சம். மாநிலப் போட்டியில் விலை கூடுதலாக இருந்ததைப் பலர் விந்தையாகப் பேசினார்கள். எனக்கு அதில் விந்தை தோன்றவில்லை. சென்னை லீக் ஆட்டங்களிலிருந்து அவரைப் பார்த்துவந்தவர்களிடம் சான்றுகள் அதிகம். மூன்று மாதம் கழித்து ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் அவர் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் அடித்தார்.

ஏலத்திற்கென்றே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 1971இல் கேப்பன், கிளாப், காம்பெல் என்ற மூன்று எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்ப் பகுதிகளை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வராமற்போவது ஏன் என்று ஆராய்ந்து அதைக் கண்டார்கள். கபடிக்கே அதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு ரெய்டரின் உண்மையான பெறுமானம் 1 கோடி என்றும், 12 அணிகளும் அதை 70 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சம் வரை பலவாறு மதிப்பிடுகின்றன என்றும் வைத்துக்கொண்டால், எல்லா மதிப்பீடுகளின் சராசரியும் சரியான 1 கோடியாகவே இருக்கும். ஆனால் ஏலம் சராசரியில் நிற்பதில்லை. கடைசிக்கு முந்திய அணி கையைக் கீழே போடும் இடத்தில், அதாவது இரண்டாவது உயர்ந்த மதிப்பீட்டில் நிற்கிறது. 12 மதிப்பீடுகள் அந்த எல்லைக்குள் சீராகச் சிதறியிருந்தால் அந்த இடம் சுமார் 1 கோடியே 21 லட்சம். ஆக, எவரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளாமலே, வென்ற அணி 21 லட்சம் அதிகம் கொடுத்துவிடுகிறது. ஏலத்தில் வென்றவர் தமது வெற்றியையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, கை தூக்குவதற்கு முன்னரே தமது மதிப்பீட்டைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மூவரின் போதனை.

விலை தவறாகும் வழிகள் வேறும் உண்டு. சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்திற்கு எடுத்தது. அவருடைய முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் போயின. காயம்பட்டு அந்தப் பருவத்தில் வேறு ஆட்டம் ஆடவில்லை. மறு ஆண்டு கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2024இல் அந்த அணி கோப்பையை வென்றபோது அவர் 21 விக்கெட்டுகள் வீழ்த்தியிருந்தார். பஞ்சாபின் கண் பழுதில்லை. கையிலிருந்த ஓர் ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு விட்டுவிட்டதுதான் பழுது.

இனி யூகிப்பவர்களுக்கு வருகிறேன். முதல் பத்து ஏலப் பெயர்களையும் அணிகளையும் பொருத்திச் சொல்லுகிறேன் என்று ஒருவர் முன்வருவாராகில், ஒவ்வொன்றிலும் அவருக்கு 80 சதவீத நிச்சயம் இருந்தாலும்கூடப் பத்தும் சரியாக அமையும் வாய்ப்பு 11 சதவீதத்திற்கு மேல் இராது. உண்மையில் நிலைமை இதனினும் கடினம். முதல் ஆள் எதிர்பாராத அணிக்குப் போய்விட்டால் அந்த அணியின் பணப்பை சுருங்கி, மற்ற அணிகளின் தேவை மாறி, பின்வரும் யூகங்கள் எல்லாம் சரிந்துபோகின்றன. ஆகவே பெயரைச் சொன்னால் போதாது. எத்தனை சதவீதம் என்பதையும் சொல்ல வேண்டும். கிளென் பிரையர் என்னும் வானிலை அறிஞர் 1950இல் மழை யூகங்களைச் சோதிக்க ஓர் எளிய முறையை வகுத்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன நிகழ்தகவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கிக்கொள்ள வேண்டும். விடை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்ல யூகம். இருவர் ஒரே பத்துப் பெயர்களைச் சொல்லி, ஆறு பலித்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 90 சதவீதம் என்று அடித்துச் சொன்னவரின் சராசரி 0.33, ஒவ்வொன்றுக்கும் 60 சதவீதம் என்று அடக்கமாகச் சொன்னவருடையது 0.24. எதுவும் தெரியாமல் எல்லாவற்றிற்கும் 50 என்று எழுதியவருக்கே 0.25 கிடைக்கிறது. பலித்த பெயர்கள் ஒன்றாகவே இருந்தும், மிதமிஞ்சிய நிச்சயம் ஒருவரை அறியாதவருக்கும் கீழே தள்ளிவிடுகிறது.

குடிபாலாவின் கபடி இளைஞர்களிடம் அண்மையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, ஒரு நோட்டில் கட்டம் வரையச் செய்தேன். முதல் கட்டத்தில் ஆட்டக்காரர் பெயர், அடுத்து அணி, அடுத்து சதவீதம், அடுத்து விலை, பிறகு மதிப்பிட வேண்டிய தேதி – ஒரு பருவம் கழித்து ஒன்றும் மூன்று பருவம் கழித்து ஒன்றும். இவற்றுக்கு அப்பால் வெறுமையாக விட்டிருந்த கடைசிக் கட்டம் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். ஏலத்தில் எவரும் எடுக்காத பெயர்களுக்கு என்றேன். எடுக்கப்பட்டவர்களை மட்டும் பின்தொடர்ந்தால் தேர்வாளர்களின் பிழையில் ஒரு பாதியே நம் கண்ணில் படும். விடப்பட்டவர் வேறெங்கோ ரயில்வே அணியிலோ போலீஸ் அணியிலோ எப்படி ஆடுகிறார் என்பதைக் குறித்துவைத்தால்தான் மறு பாதி தெரியும். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்குத் தொலைக்காட்சி உதவாது. சித்தூரிலும் திருப்பதியிலும் நடக்கும் ஆட்டங்களுக்கு நேரிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை, மாவட்டப் போட்டிகளுக்குத் தவறாமல் போய்வரும் நால்வர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.